கல்லாவில் ஒரு விருந்தாளி

பெரியமேட்டில் எங்கள் அத்தாவுக்குத் தோல் மண்டி. அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குபவரும் விற்பவரும் கையைக் கோத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்கடியில் விரலைப் பிடித்தால் ஓர் எண், மொத்தக் கையையும் பிடித்தால் இன்னோர் எண். சுற்றி நிற்பவர்களுக்கு இரண்டு முகங்கள் மட்டும் தெரியும். அந்த முகங்களில் ஒன்றும் தெரியாது. எனக்கு வாய்ப்பாடு பள்ளிக்கூடத்தில் வந்தது என்று கணக்கு வாத்தியார் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன் ஏன் கம்ப்யூட்டர் படித்தேன் என்று உறவினர்கள் கேட்பார்கள். ஒருவன் செய்ததை வாங்கி இன்னொருவன் தலையில் கட்டுகிற வேலை எனக்கு நன்றாக வரும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அதனால்தான் பயம். ஒரு பொருளையாவது நானே செய்து பார்க்காமல் துண்டுக்கடியில் கையை விட்டுவிட்டால், அப்புறம் அந்தக் கை வெளியே வராது.

தொண்ணூற்று மூன்றில் நான் வேலை பார்த்த கம்பெனி மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. முதலாளி ரத்தினபாய் மேடம். டேனரிகளில் தோல் பதனிடும் டிரம்களை ஓட்டுவதற்கு ஒரு கண்ட்ரோல் பெட்டி செய்துகொண்டிருந்தோம். டிரம் என்றால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மரப் பீப்பாய். தோலையும் தண்ணீரையும் மருந்தையும் உள்ளே போட்டுச் சுற்றவிடுவார்கள். எவ்வளவு நேரம் சுற்றுவது, எப்போது எதிர்ப்பக்கம் திருப்புவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் எங்கள் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

பெட்டிக்குள் இருந்த கெர்னலை எழுதியவன் எட்மண்ட். கெர்னல் என்றால் கடையில் கல்லா என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார், பொத்தான், கடிகாரம் எல்லாம் கல்லாவில் இருப்பவன் கையில்தான். மற்ற நிரல்கள் வாடிக்கையாளர்கள். வரிசையில் நின்று கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். எட்மண்டின் கெர்னல் கறாரான கல்லா. கடனும் கிடையாது, பேச்சும் கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. டேனரி மாஸ்டர்கள் நேற்று செய்த பக்குவத்தை இன்று செய்ய மாட்டார்கள். ஆட்டுத்தோலுக்கு ஒன்று, மாட்டுத்தோலுக்கு ஒன்று, மழை பெய்தால் ஒன்று. ஒவ்வொரு தடவையும் பெட்டியின் சிப்பைக் கழற்றி, தாம்பரத்துக்குக் கொண்டுவந்து, புற ஊதா விளக்கில் காட்டி அழித்து, மறுபடி எழுதி, எலெக்ட்ரிக் ட்ரெயினில் குரோம்பேட்டைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கே வெயில் அடித்திருக்கும்.

நான் ஒரு யோசனை சொன்னேன். கெர்னலுக்குள்ளேயே ஒரு சின்ன மொழியை உட்காரவைப்போம். மாஸ்டர் பெட்டியில் நின்றபடி "இருபது நிமிஷம் ஓட்டு, திருப்பு, பத்து நிமிஷம் ஓட்டு, நிறுத்து" என்று தட்டினால், உள்ளே ஒரு இன்டர்பிரட்டர் ஒவ்வொரு சொல்லாகப் படித்து உடனே செய்யும். சிப்பைத் தொடவே வேண்டாம்.

"வெளிய வெச்சுக்கோ," என்றான் எட்மண்ட். "கெர்னலுக்கு வெளிய. மத்த ப்ரோகிராம் மாதிரி வரிசைல நிக்கட்டும்."

"தோல் உள்ள முடிச்சு விழுந்தா டிரம் அந்த நிமிஷமே திரும்பணும் மச்சான். வரிசைல நின்னு டோக்கன் வாங்கிட்டு வந்தா தோல் கயிறாயிடும். அப்புறம் நம்ம போர்டு மெமரில ரெண்டு வீடு கட்ட இடமும் இல்ல."

"அதுக்காக? எவனோ ஒரு மாஸ்டர் தட்டறதை என் கெர்னலுக்குள்ள ஓடவிடணுமா? உங்க அத்தா கல்லால தெருவுல போறவனை உக்கார வெப்பாரா?"

"தெருவுல போறவனை வெக்க மாட்டார். மச்சினனை வெப்பார், கண்ணுல படற மாதிரி."

எட்மண்ட் செம்பாக்கத்துக்காரன். ஏரிக்கரையில் வீடு, ஞாயிற்றுக்கிழமை கிழக்குத் தாம்பரம் சர்ச்சில் கிட்டார். அவனுக்கு விலைச்சீட்டு ஒட்டிய ஜவுளிக்கடையில்தான் சட்டை எடுக்க வரும், பேரம் என்றால் வியர்க்கும். நான் என் கைக்குட்டையை எடுத்து அவன் கைமேல் போட்டேன்.

"என்னடா பண்ற?"

"இடம் கேக்கறேன். எத்தனை கேபி மெமரி தருவ? விரலைப் பிடி. ஒரு விரல் ஒரு கேபி."

நான் அவன் மொத்தக் கையையும் நான்கு தடவை பிடித்தேன். இருபது. அவன் கையை உதறப் பார்த்தான். விடவில்லை. அவன் நான்கு விரலைப் பிடித்தான். நான் உச்சுக்கொட்டினேன், எழுந்து போவதுபோல நாற்காலியைத் தள்ளினேன், எங்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னேன். கடைசியில் எட்டு கேபியில் படிந்தது. எனக்கு ஏழு போதும். அவனுக்கு அது இன்றுவரை தெரியாது.

எழுதி முடித்தேன். எட்மண்ட் ஒரு பாதுகாப்பும் செய்தான். என் இன்டர்பிரட்டர் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போது வேறெதுவும் குறுக்கே வரக்கூடாது என்று கெர்னலின் கதவுகளையெல்லாம் தாழிட்டான். கல்லாவில் மச்சினன் இருக்கும்போது கூட்டம் சேர்ந்தால் எண்ணிக்கை தப்பும் என்பது அவன் கணக்கு. எனக்கும் சரியென்றே பட்டது.

இந்தப் புதுப் பெட்டிக்கு முதல் வாடிக்கையாளர் குரோம்பேட்டை நாகல்கேணியில் டேனரி வைத்திருந்த அப்துல் ரசாக் பாய். பன்னிரண்டு டிரம். அத்தாவோடு பல வருஷம் துண்டுக்கடியில் கை கோத்தவர். ஒரு டிரம்மில் ஓட்டிக் காட்டுங்கள், பார்க்கலாம் என்றார். தைவான் பெட்டி ஒன்றை விற்கிற ஏஜெண்டும் அவரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது ரத்தினபாய் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜைமேல் அதே தைவான் பெட்டியின் வழவழப்பான கேட்லாக்.

"இது ஓடிச்சுன்னா நாம மிஷின் செய்யற கம்பெனி. ஓடலன்னா இதை வாங்கி விக்கற கம்பெனி. அதுக்கு மேல என்னால தாக்குப்பிடிக்க முடியாது. எட்மண்ட், அப்ப உனக்கு இங்க வேலை இருக்காது, ஸாரி. அயூப், உனக்கு இருக்கும். விக்கறது உனக்கு நல்லாவே வரும்."

எட்மண்டைவிட வேகமாக நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை. நாகல்கேணியில் இறங்கினால் மூக்குதான் முதலில் வழி சொல்லும். டேனரி மாஸ்டர் ஏகநாதன், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், காதில் பீடி, வாயில் எப்போதும் ஒரு நக்கல். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னா சார், நான் சொல்றத இது அப்டியே கேக்குமா?"

"அப்படியே கேக்கும் மாஸ்டர்."

"எங்க வூட்ல அப்டி கேக்கற பொருள் ஒன்னு கூட இல்லியே சார்."

சொற்களைச் சொல்லிக் கொடுத்தேன். ஓட்டு, திருப்பு, நிறுத்து, வரை. 'வரை' என்றால் ஏதாவது ஒன்று நடக்கும்வரை முன்சொன்னதைச் செய்துகொண்டே இருப்பது. நாங்கள் ஆபீஸில் அதை நிமிஷக் கணக்கோடுதான் போட்டுப் பார்த்திருந்தோம். ஆனால் தோல்காரர்கள் குரோம் மருந்தில் போட்ட தோலுக்கு நிமிஷம் பார்ப்பதில்லை. அவ்வப்போது கழுத்துப் பக்கம் ஒரு துண்டு வெட்டிப் பார்ப்பார்கள். மருந்தின் நீலம் நடுவரை இறங்கியிருந்தால் பதம். இறங்காவிட்டால் ஓடட்டும். அந்தத் தொழிலில் கடிகாரம் பார்த்து நிறுத்துகிறவனை மாஸ்டர் என்று சொல்ல மாட்டார்கள்.

எனவே ஏகநாதன் தட்டியது இது: பச்சைப் பொத்தான் அமுக்கும்வரை ஓட்டு. அவர் வெட்டிப் பார்த்து, திருப்தியானால், பொத்தானை அமுக்குவார். அதைவிட இயல்பான வாக்கியம் நாகல்கேணியில் இருக்க முடியாது.

டிரம் சுற்ற ஆரம்பித்தது. ரசாக் பாய் கைகட்டி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஏகநாதன் ஒரு துண்டை வெட்டி எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, தலையாட்டிவிட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்கினார். டிரம் சுற்றியது. மறுபடி அமுக்கினார். சுற்றியது. சிவப்பை அமுக்கினார். அதற்கும் சுற்றியது. பெட்டி தானாகத் திருப்ப வேண்டிய நேரத்திலும் திரும்பாமல் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னா சார், இதுக்குக் காது கேக்காதா? எங்க மாமியாரு மாரி கீது."

கடைசியில் அவரே சுவரிலிருந்த ஃப்யூஸைப் பிடுங்கினார். கதவைத் திறந்தால் உள்ளே தோல்களெல்லாம் முறுக்கிக்கொண்டு தேர்வடம்போலக் கிடந்தன.

எனக்கு அங்கேயே புரிந்தது. நிமிஷத்தை என் இன்டர்பிரட்டர் தானே எண்ணிக்கொண்டதால் ஆபீஸில் இது வெளிப்படவில்லை. பொத்தானை யாராவது அமுக்கினார்களா என்று பார்க்க வேண்டியவன் கல்லாவில் இருக்கும் கெர்னல். கல்லாவில் உட்கார்ந்திருப்பதோ என் விருந்தாளி, அந்த இன்டர்பிரட்டர். அவர் பொத்தான் செய்தி வந்தால்தான் எழுந்திருப்பேன் என்கிறார். செய்தியைக் கொண்டுவர வேண்டிய கல்லா முதலாளி, அதாவது கெர்னல், உள்ளே வர வழியில்லாமல் தாழிட்ட கதவுக்கு வெளியே நிற்கிறார். இடத்துக்குப் பேரம் பேசினோம். எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எங்கள் மண்டியில் ஒருவன் கூட அப்படிக் குத்தகை பேச மாட்டான்.

ரசாக் பாய் கோபப்படவில்லை. அதுதான் கவலை. "ஜும்மாவுக்கு நேரமாச்சு," என்றார். "தோலை ஏகநாதன் பாத்துக்குவார். திங்கக்கிழமை அந்த ஏஜெண்ட் பெட்டியைக் கொண்டாரான். அன்னிக்கு நீங்களும் வாங்க. வரலன்னாலும் சரிதான்."

ட்ரெயினில் தாம்பரம் சானடோரியம் தாண்டியதும் எட்மண்ட் ஆரம்பித்தான்.

"அதைத் தூக்கிடறேன். பழையபடி சிப்லயே எழுதிடலாம். கல்லால வெளியாள் வேணாம்னு அப்பவே சொன்னேன்."

"தூக்கினா நம்ம பெட்டிக்கும் தைவான் பெட்டிக்கும் என்னடா வித்தியாசம்? அதுக்காவது பெயிண்ட் நல்லாருக்கு."

"தூக்கலன்னா டிரம் நிக்காதுடா."

சனிக்கிழமை முழுக்க ஆபீஸில் அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை. ரத்தினபாய் மேடம் தைவான்காரர்களுக்கு ஐ.எஸ்.டி. போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் "டீலர்ஷிப்" என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. யாரோ எனக்கு டை கட்டிவிட்டதுபோலச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்துக்குச் சர்ச் வாசலில் போய் நின்றேன். எட்மண்ட் கிட்டார் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். கைக்குட்டையை எடுத்தேன்.

"சர்ச் காம்பவுண்டுடா. பாஸ்டர் பாக்கறார்."

"பாக்கட்டும். கையைக் குடு. செஞ்சு காட்டணும், வாயால சொன்னா புரியாது."

சுற்றுச்சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். துணிக்கடியில் அவன் கையைப் பிடித்தேன்.

"இப்ப நான் எங்க அத்தா. நீ ஆம்பூர்லருந்து வந்த வியாபாரி. நீ ஏழுல நிக்கற, இறங்க மாட்டேங்கற. துண்டுக்குள்ள கை இருக்கற வரைக்கும் வேற யாரும் எங்க அத்தாகிட்டப் பேச முடியாது. கடையில ஃபோன் அடிக்குது. லாரி வந்து நிக்குது. நீ கையை விடவும் மாட்ட, இறங்கவும் மாட்ட. அத்தா என்ன பண்ணுவார்?"

"கையை உதறிட்டுப் போவார்."

"உதறினா வியாபாரம் முறிஞ்சிடும். அவர் இப்படி..." கையை மெதுவாக உருவிக்கொண்டேன். "எடுத்துக்கினு எந்திரிச்சுப் போய் ஒரு டீ குடிப்பார். ஃபோனை எடுப்பார். லாரிக்காரன்கிட்டப் பேசுவார். திரும்பி வந்து கையைக் குடுத்து, அதே ஏழைப் பிடிப்பார். புதுசா ஆரம்பிக்க மாட்டார்."

எட்மண்ட் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீ குடிச்சிட்டு வந்தா எந்த விரல்ல விட்டார்னு மறக்க மாட்டாரா?"

"மறந்தா மண்டில உக்கார முடியாது."

"அப்ப உன் இன்டர்பிரட்டரும் எங்க விட்டதுன்னு வெச்சுக்கணும். எந்தச் சொல்லு, பாதில என்ன கணக்கு, எல்லாம்." அவன் குரல் மாறிவிட்டது. "இத்தனை சொல்லு ஓட்டினா எழுந்திரு. வேலை முடிஞ்சாலும் முடியலன்னாலும் எழுந்திரு. நான் கதவைத் திறந்து பொத்தான், மோட்டார், கடிகாரம் எல்லாத்தையும் பாத்துட்டு மறுபடி உன்னை உள்ள விடுவேன். பொத்தான் அமுக்கி இருந்தா அடுத்த தடவை உனக்கே தெரியும்."

"அதே தான்."

"ஒரு தடவைக்கு எத்தனை சொல்லு?"

"நூறு," என்றேன்.

"பத்து."

"பத்துல ஏகநாதன் பீடி கூடப் பத்த வெக்க மாட்டார். எண்பது."

அன்றைக்குத்தான் எட்மண்டுக்குப் பேரம் வரும் என்று தெரிந்தது. கல்லாவைத் தொட்டால் எவனுக்கும் வருகிறது. கையை விடவே இல்லை. எங்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னேன், அவன் கெர்னலின் கஷ்டத்தைச் சொன்னான். நாற்பதுக்கு மேல் ஒரு சொல் ஏறவில்லை. பாஸ்டர் எங்களைக் கடந்து போகும்போது, "ப்ரேயரா?" என்று கேட்டார். "ஆமா பாஸ்டர், ரொம்ப உருக்கமா," என்றேன்.

ஆபீஸைத் திறந்து அன்று பொழுது சாய்வதற்குள் எழுதி முடித்தோம். விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் தேவைப்பட்டது. முன்பு மிச்சம் பிடித்த ஒரு கேபி அதற்குச் சரியாகப் போயிற்று. வாங்கி வைத்தது வீண்போகாது என்று அத்தா சொல்வதை நான் கேலி செய்வதில்லை.

திங்கட்கிழமை நாகல்கேணியில் டை கட்டிய ஏஜெண்ட் எங்களுக்கு முன்பே வந்திருந்தான். அவன் பெட்டி பளபளத்தது. எங்கள் பெட்டி அம்பத்தூரில் மடித்த தகரம். இந்தத் தடவை மேடமும் வந்திருந்தார், புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு.

ஏகநாதன் அவன் பெட்டியிடம் முதலில் போனார். "இன்னா சார், நான் வெட்டிப் பாத்து நிறுத்து சொன்னா நிக்குமா?"

"இதுல இருபது ரெசிப்பி இருக்கு சார். எல்லாமே ஸ்டாண்டர்ட்."

"என் தோலு ஸ்டாண்டர்ட் இல்லியே."

"உங்க ரெசிப்பியை எழுதிக் குடுங்க. ஃபேக்ஸ்ல அனுப்பி சிப் வரவழைக்கலாம்."

"அது வர்றதுக்குள்ள தோலுக்கு மறுபடி மயிர் முளைச்சிரும் சார்." பீடியைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி செருகிக்கொண்டார். எங்கள் பக்கம் திரும்பினார். "வா சார். உன் மாமியாருக்குக் காது கேக்குதா பாப்போம்."

அவர் வேண்டுமென்றே கொடுமையாகத் தட்டினார். பச்சைப் பொத்தான் வரை ஓட்டு என்றார். அதற்குள்ளே இன்னொரு 'வரை', அதற்குள்ளே இன்னொன்று. கடைசியாக, ஒருநாளும் நடக்காத ஒன்று நடக்கும்வரை ஓட்டு என்று வேறு போட்டார். எட்மண்ட் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். நகம் பதிந்தது.

டிரம் சுற்றியது. குறித்த நேரத்தில் நின்று, எதிர்ப்பக்கம் திரும்பியது. எட்மண்டின் நகம் கொஞ்சம் தளர்ந்தது. ஏகநாதன் அவசரப்படவில்லை. வெட்டினார், பார்த்தார், இன்னும் ஆகட்டும் என்றார். மறுபடி வெட்டினார். வெட்டிய துண்டை ரசாக் பாயிடம் நீட்டினார், நடுவரை நீலம். பிறகு பச்சைப் பொத்தானை ஒரு விரலால் தொட்டார். டிரம் வேகம் குறைந்து, முனகி, நின்றது.

மறுபடி ஓடவிட்டு, முடிவே இல்லாத அந்தக் கடைசி வரி ஓடிக்கொண்டிருக்கும்போதே சிவப்பையும் அமுக்கினார். நின்றது.

"கேக்குது," என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு என்று அங்கிருந்தவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

ரசாக் பாய் தோளிலிருந்த துண்டை எடுத்தார். நான் சட்டைக் கையை மடித்தேன். மேடம் என்னைப் பார்த்தார்.

"விலை கொட்டேஷன்ல இருக்கு, அதைப் பேசாத. எத்தனை டிரம்முக்குன்னு மட்டும் பேசு. எட்டுக்குக் கீழ போகாத. போகணும்னா எந்திரிச்சு வந்து என்னைக் கேளு."

கையைக் கொடுத்தேன். துண்டு விழுந்தது. ரசாக் பாய் இரண்டு விரலைப் பிடித்தார். நான் பன்னிரண்டு என்றேன், அதாவது பிடித்தேன். அவர் மூன்று. நான் பன்னிரண்டு. அவர் ஐந்துக்கு வந்து அங்கேயே கல்லாக நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. என் முகத்திலும் இருந்திருக்காது. ஐந்தை விடவே இல்லை. இறுக்கிக்கொண்டே இருந்தார்.

நான் மெதுவாகக் கையை உருவிக்கொண்டேன். "பாய், ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

எட்மண்ட் கேட்டுக்கு வெளியே டீக்கடை வரை பின்னாலேயே ஓடிவந்தான். "டேய், கொடுத்ததை வாங்கிக்கோடா. அஞ்சு போதும்டா."

"நாப்பது சொல்லு ஆச்சு மச்சான். எழுந்திரிக்கணும்னு நீதானே சொன்ன?"

டீயை நிதானமாகக் குடித்தேன். திரும்பி வந்து கையைக் கொடுத்து, அவர் விட்ட அதே ஐந்தைப் பிடித்து, என் பன்னிரண்டையும் வைத்தேன். ரசாக் பாயின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அத்தாவோடு எத்தனை டீ பார்த்திருப்பார். ஏழானார், எட்டானார். ஒன்பதில் நான் தலையாட்டினேன். துண்டு விலகியது.

"ஒன்பது," என்றேன் மேடத்திடம்.

மேடம் தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தார். அங்கே அது பெரிய விஷயம்.

"மீதி மூணு என் கையிலயே இருக்கட்டும் பாய்," என்றார் ஏகநாதன். "மிஷினு பேஜார் பண்ணா சிரிக்கறதுக்கு ஆள் வேணாவா?"

கேட் அருகே அந்த ஏஜெண்ட் காத்திருந்தான். டையைத் தளர்த்தியிருந்தான். விசிட்டிங் கார்டை நீட்டினான்.

"துண்டுக்குள்ள கை விட்டு ஒன்பது பீஸ் தள்ளறதை நான் பாத்ததே இல்ல சார். எங்க கம்பெனிக்கு வாங்க, சவுத் மெட்ராஸ் ஃபுல்லா உங்களுக்கே."

கார்டை வாங்கினேன். நல்ல கார்டு, ஓரத்தில் தங்க வரி.

"ஸாரி சார்," என்றேன். "நான் விக்கறவன் இல்ல. செய்யறவன்."

"எட்டு கேபி செஞ்சிருக்கான் சார்," என்றான் எட்மண்ட் பின்னாலிருந்து. "அதுவும் இடம் என்னோடது."